ஒரு பூஜ்யம் கூடிப்போன கடல்

மதிப்பும் பாசமும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனி வணக்கத்துடன் எழுதுவது. அக்காவின் இடுப்புவலி குறைந்திருக்கும், பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் சாப்பிட்டிருப்பார்கள், நீங்களும் கண்ணாடியைத் தேடி வீட்டைக் கலைக்காமல் இதைப் படிக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் நான் அழுததைக் கேட்டு ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் தயவுசெய்து ரத்து செய்துவிடுங்கள். நீங்கள் வர வேண்டியதில்லை. கம்ப்யூட்டரை நானே சரிசெய்துவிட்டேன். அக்காவுக்கு இந்த இடத்தை மட்டும் இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டவும்.

துறைமுக அலுவலகத்தில் பார்சல் எடை போட்டுக்கொண்டிருந்தவள் எப்படிக் கம்ப்யூட்டர் நிர்வாகி ஆனேன் என்று நீங்கள் கேட்டீர்கள், நானும் சரியாகச் சொல்லவில்லை. பழைய நிர்வாகி மாற்றலாகிப் போன அன்று அதிகாரி எல்லோரையும் கூட்டி, இனி இதை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து, ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாமென்று நான் கையைத் தூக்கினேன். கைதட்டினார்கள். மறுநாள் காலை ஒரு சாவிக்கொத்தோடு அந்தக் குளிர்ந்த அறைக்குள் நின்றேன். மினி கம்ப்யூட்டர் என்று பெயர். மினி பெயரில் மட்டும்தான், ஆள் நம் வீட்டு பீரோ உயரம். உள்ளே ஏதோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்தில் உட்கார்ந்தால், மழை நாளில் பஸ் ஜன்னலோரம் சாய்ந்திருப்பதுபோல் கண் சொக்கும். பழையவர் எனக்குச் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்று: “என்ன வேணா பண்ணுங்க, ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க. தூங்கிட்டா எந்திரிக்காது.” நீங்களோ போனில், முதலில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு என்றீர்கள். அதனால்தான் அழுதேன்.

அது எவ்வளவு மெதுவென்றால், டைப்பிஸ்ட் அக்கா ஓர் எழுத்தை அழுத்திவிட்டு, எழுந்துபோய் முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த எழுத்து திரையில் வரும். நான் பின்பக்கக் கதவைத் திறந்து தூசி தட்டினேன், தும்மல்தான் மிச்சம். ஏசியைக் கூட்டினேன், எல்லோரும் ஸ்வெட்டர் கேட்டார்கள். பழைய கோப்புகளை அழிக்கப் போய், விடுமுறைப் பட்டியலை அழித்துவிட்டேன், ஒரு வாரம் யாரும் என்னோடு பேசவில்லை. இதற்கு நடுவில் தீவுக்குப் படகு விடும் கேப்டன் தினமும் வந்து வாசலில் நிற்பார். துறைமுகத்து வாய்க்கால் ஆழமில்லாதது, நீர் ஏறும் நேரம் தெரியாமல் கிளம்பினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அடுத்த மாதத்து நீரேற்ற அட்டவணையை இந்தக் கம்ப்யூட்டர்தான் போட்டுத்தர வேண்டும். தராவிட்டால் படகு இல்லை. தீவிலிருக்கும் நோயாளிகளுக்கு மருந்து இல்லை, பிள்ளைகளுக்கு டீச்சர் இல்லை. அவர் கத்தவே மாட்டார், அதுதான் கொடுமை. “கடல் நேரத்துக்கு வந்துட்டுப் போயிடுதும்மா. உங்க பீரோதான் வரமாட்டேங்குது” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போவார்.

வெள்ளிக்கிழமை மதியம், நீங்கள் போனில் சொன்ன கட்டளையைத் தட்டினேன். யார் யார் என்னென்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டுமே, அது. காட்டியது. ஒரே ஒரு வேலை, வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. பெயர் ‘அலை’. கொடுத்தவர் எங்கள் அதிகாரி. எப்போதோ ஒரு நாள் அந்த வருஷக் கடைசிவரை நீரேற்றம் கேட்டிருக்கிறார், விரல் தவறி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்ற வருஷத்துக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்திருக்கிறது. இதுவும் ஏன் எதற்கு என்று கேட்காமல், பத்தொன்பதாயிரத்துச் சொச்சமாவது ஆண்டு வரைக்கும் கடலைக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை அத்தான். அது எழுதி வைத்திருந்ததைத் திறந்து படித்தேன். பதினோராயிரத்துச் சொச்சமாவது ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை, விடியலில் நீர் ஏற்றம், மதியம் இறக்கம். நானில்லை, நீங்களில்லை, இந்த ஆபீஸ் இல்லை, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் தண்ணீர் நேரம் தவறாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. புதன்கிழமையைப் பார்த்தேன், வியாழனைப் பார்த்தேன். கேப்டன் வந்து நின்றதே தெரியவில்லை.

நிறுத்துகிற கட்டளைக்குக் ‘கொல்’ என்று பெயர் வைத்தவன் எவன் என்று தெரியவில்லை, அவன் வீட்டில் யாருமே அவனோடு பேசியிருக்க மாட்டார்கள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு தட்டினேன். பீரோ ஒரு பெருமூச்சு விட்டது. அடுத்த மாதத்து அட்டவணை நான் எழுந்து பிரின்டரிடம் போவதற்குள் அச்சாகிவிட்டது. கேப்டன் அதை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு முதல் தடவையாகச் சிரித்தார். டைப்பிஸ்ட் அக்காவுக்குத்தான் வருத்தம், முகம் கழுவ நேரமில்லாமல் போய்விட்டதாம். அதிகாரியிடம் பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். திட்டவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “எந்த வருஷம் வரைக்கும் போயிருந்துச்சு?” என்றார்.

“பதினோராயிரம் தாண்டிருச்சு சார்.”

“அப்பவும் தண்ணி இருந்துச்சா?”

“இருந்துச்சு சார்.”

“நல்லது,” என்றார். என் பதவியையும் நிரந்தரமாக்கிவிட்டார்.

ஆகவே இனி என்னைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு அக்காவின் இடுப்பைக் கவனியுங்கள். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் என் முத்தங்கள், உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எந்த இயந்திரமும் எந்நாளும் மெதுவாகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் நிர்வாகி (நிரந்தரம்)

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் ஒரு விஷயம். நேற்று அதிகாரி என் அறை வாசலில் வந்து நின்று, “அது கடைசி வரைக்கும் போனா எப்படி இருக்கும்னு பாக்கணும்போல இருக்கும்மா” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கிவிட்டேன். மற்றவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஓடச்சொல்லி ஓர் எண் கொடுக்க வேண்டும். சின்ன எண் என்றால் கடைசி இடம் என்று நினைத்து, இருப்பதிலேயே சின்ன எண்ணைக் கொடுத்தேன். அங்கே எல்லாம் தலைகீழாம், சின்ன எண்ணுக்குத்தான் முதல் இடமாம். இப்போது அது வேறு யாரையும் கிட்டேயே சேர்ப்பதில்லை. நிறுத்தலாமென்றால் நான் தட்டுகிற கட்டளைகூட உள்ளே போகவில்லை. டைப்பிஸ்ட் அக்கா தலைக்கே குளித்துவிட்டு வந்துவிட்டார், எழுத்து வரவில்லை. ஆகையால் டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள், நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அட்டவணை கையிலிருப்பதால் படகு ஓடுகிறது. அதிகாரியும் நானும் நாற்காலி போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். பன்னிரண்டாயிரத்தை நெருங்குகிறது, கடல் அமைதியாக இருக்கிறது. அவசரப்பட வேண்டாம் அத்தான், சாப்பிட்டுவிட்டு மெதுவாகவே வாருங்கள்.