கல்வெட்டு சாருக்கு வீடு பார்த்த கதை

பத்தாவதோடு நின்றவன் நான். பம்மலில் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டி, வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவன். எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பல்லாவரம் வட்டாரத்தில் வாய்தவறிக்கூடப் பொய் சொல்லாத ஒரே மனிதர் கல்வெட்டு சார்தான் என்பதை வேறு யாரும் எழுதுகிற மாதிரி தெரியவில்லை.

தோல் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். தனி ஆள். யார் எதைச் சொன்னாலும், "கல்வெட்டு இருக்கா?" என்பார். டீக்கடைக்காரர் இன்று பால் கெட்டி என்று சொன்னதற்கும் அதையே கேட்டார்.

வீட்டில் கட்டில் போட இடமில்லை. சோழர் கால நிலவரி, பாண்டியர் முத்து வாணிபம், பக்திப் பாட்டுகள் என்று ஆள் உயரத்துக்குப் புத்தகங்கள். எந்தப் பக்கத்தையும் அடியிலிருந்துதான் படிப்பார்.

"மேல இருக்கறது எழுதினவர் சொல்றது. அடியில பொடி எழுத்துல இருக்கறது, எதை வெச்சு சொல்றார்ங்கறது. அது சரியா இருந்தாத்தான் நான் மேல போவேன்."

ஒருமுறை தலையணை மாதிரி ஒரு புத்தகத்தைக் காட்டினார். "இதுல ராஜாவே வரமாட்டார்ப்பா. ஏரி மதகு உடைஞ்சா ஊர்ல யார் யார் கூடி சரி பண்ணாங்க, அதுதான் முழுக்க." எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு, யார் கூப்பிட்டும் யாரும் வராத வாரத்தில்தான் அந்தப் புத்தகத்தின் அருமை தெரிந்தது.

போன வருடம் அவர் குடியிருந்த வீடு விற்றுப்போனது. மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் அத்தனை புத்தகமும் பழைய பேப்பர் கடைக்குத்தான். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. நானே வண்டியில் உட்காரவைத்து வீடு தேடினேன்.

அனகாபுத்தூரில் ஒரு வீட்டுக்காரர், "எந்த மழைக்கும் இங்க வெள்ளத் தண்ணி வந்ததே கிடையாது சார்" என்றார். சார் குனிந்து சுவரைத் தடவிப் பார்த்தார். புதிதாக அடித்த வெள்ளைக்குள் இடுப்பு உயரத்தில் மங்கலாக ஒரு கோடு. "சுவரே எழுதி வெச்சிருக்கே" என்றார்.

"வாடகைக்கு வந்தியா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தியா? கெளம்பு!"

கடைசியாகக் கோவிலம்பாக்கம். போகும் வழியிலேயே கெஞ்சினேன். "சார், அந்த வீட்டுக்காரப் பெரியவர் பழைய குடும்பம். பரம்பரைப் பெருமை பேசுவார்னு சொல்றாங்க. இன்னிக்கு ஒருநாள் தலையை மட்டும் ஆட்டுங்க."

"சரிப்பா, உனக்காக" என்றார்.

பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தார். "எங்க முன்னோர் பல்லவர் படையில தளபதி. இந்த ஏரியாவே ராஜா எழுதிக் குடுத்தது."

சார் விட்டத்தைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார். தலைகூட லேசாக அசைந்த மாதிரி இருந்தது. பெரியவர் அத்துடன் விட்டிருக்கலாம்.

"தளபதிக்கு ஒரு வெள்ளைக் குதிரை" என்றார்.

"கல்வெட்டு இருக்கா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சார் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டார். "இந்தப் பக்கத்துக் கல்வெட்டெல்லாம் இதுல இருக்குங்க. கோயில் விளக்கு நெய்க்கு ஆடு குடுத்தது இருக்கு, ஏரி வெட்டினது இருக்கு. தளபதி இல்லீங்க. உங்க பெரியவங்க உழுதிருப்பாங்க. அவங்க இல்லாம படைக்குச் சோறு ஏது?"

"எழுந்திருய்யா! வெளிய போ!"

உள்ளே இருந்து ஒரு சிரிப்பு. பெரியவரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கல்யாணம் ஆன நாளா அந்தக் குதிரையை என் தலைமேல ஓட்டிகினு கீறாரு. ஒருத்தர்கூட இப்டி கேக்கல! சார், வூடு என் பேர்ல கீது. புக்கு நெறைய கீதுன்னாங்க, மாடி அந்தப் பாரம் தாங்காது. கீழ் போர்ஷன எடுத்துக்கோங்க."

பெரியவரின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

திரும்பும்போது கீழ்க்கட்டளையில் சார் என் தோளைத் தொட்டார். பிறகு, "உனக்குக் குடுத்த வாக்கை மீறிட்டேன். கோச்சுக்காதப்பா" என்றார்.

அவர் தலையாட்டி முடித்திருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஹாரனை அடித்தேன்.

மறுநாள் காலையில் புத்தகங்களைக் கோவிலம்பாக்கத்தில் இறக்கினோம். நல்லவேளை, மழை இல்லை; ஒரு பக்கம்கூட நனையவில்லை.