சித்தப்பா லாரிக்கு மூச்சிரைப்பு

ஒரு சாமானின் பெயர் தெரிந்துவிட்டால் அந்தச் சாமானையே கரைத்துக் குடித்துவிட்டதாக நினைக்கும் வியாதி ஒன்று உண்டு. இருபத்தைந்து வயதில் அது எனக்கு முற்றிய நிலையில் இருந்தது. விழுப்புரத்தில் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் நான் ஸ்டோர் கிளார்க். நாசில், பிஸ்டன், கேஸ்கட் என்று எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். அதை எங்கே மாட்டுவார்கள் என்பது என் இலாகா அல்ல. ஆனால் திண்டிவனத்தில் எனக்குப் பெண் பேசிய தரகர், "மாப்பிள்ளை மெக்கானிக்கல் லைன்" என்று சொல்லிவைத்தார். நான் மறுக்கவில்லை. (மறுத்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.)

பெண்ணின் பெயர் அமலி. பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது, ராத்திரி சாப்பாடு இறங்காத அளவுக்கு. அவள் அப்பாவுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. அவர் ஹெட்மாஸ்டர். நேரம் தவறி வருபவனையும் திருடனையும் ஒரே தட்டில் வைப்பவர்.

எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் அறிவிப்பார். தபசுகாலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. அந்த வருடம் தபசுக்கு முன் சரியாக மூன்று ஞாயிறுதான் மிச்சம். ஆகவே சனிக்கிழமையே நாங்கள் திண்டிவனம் போய், பெயர்களைச் சாமியாரிடம் கொடுத்தாக வேண்டும். பகல் பன்னிரண்டுக்கு அவர் கிராமத்துப் பூசைக்குக் கிளம்பிவிடுவார். "தவறினால் பரவாயில்லை, பாண்டிச்சேரி வரன் ஒன்று காத்திருக்கிறது" என்று ஹெட்மாஸ்டர் மிக மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பஸ்ஸில் போயிருக்கலாம். சவரிமுத்து சித்தப்பா விடவில்லை. "மாப்ள பஸ்ஸுல போயி எறங்கறதா? நம்ம லாரி எதுக்கு இருக்குது?" என்றார். பட்டாளத்து ஏலத்தில் எடுத்து, டீசல் எஞ்சின் மாற்றி வைத்த லாரி அது. மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டை சுமந்து சுமந்து ஏற்கெனவே அதற்கு மூச்சிரைப்பு. ஆனாலும் பெஞ்சு போட்டு, வரிசைத் தட்டுகளோடு உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். சித்தப்பா ஓட்டினார். பக்கத்தில் நானும் ஆரோக்கியம் அத்தையும்.

விக்கிரவாண்டி தாண்டியதும் லாரி இருமத் தொடங்கியது. வெள்ளைப் புகை கக்கியது. ஏரிக்கரை மேட்டில் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எங்களை முந்திப் போனது. வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஆக்ஸிலேட்டர மிதிச்சிக்கினேதான் இருக்கறேன். இழுக்கமாட்டேங்குதே. ஒரே பேஜாரு" என்றார் சித்தப்பா.

"ஓரங்கட்டுங்க. நான் பாக்கறேன்" என்றேன், சட்டைக் கையை மடித்துக்கொண்டு. அந்த ஒரு வாக்கியத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"காத்து அடைப்பு" என்று முதலில் தீர்ப்பளித்தேன். ஏர் கிளீனரைக் கழற்றினேன். அதன் அடியில் எண்ணெய் நிற்கும் என்பது ஸ்டோரில் யாரும் சொல்லாத விஷயம். புதுச் சட்டையில் பாதி கறுப்பானது. வண்டி அப்படியேதான் இருமியது. "அப்ப நாசில்தான்" என்று இரண்டாம் தீர்ப்பு. நாசிலுக்கு டீசல் போகும் குழாய்களின் நட்டையெல்லாம் தளர்த்தி, ஊதிப் பார்த்து, திரும்ப முறுக்கினேன். அதுவரை நொண்டிய லாரி இப்போது சுத்தமாகப் படுத்துவிட்டது.

"குழாயெல்லாம் ஏர் புடிச்சிக்கிச்சி, இனி டீசல் ஏறாது. நீ எறங்கலன்னா நொண்டிக்கினாவது போய்ச் சேந்திருக்கும்" என்ற சித்தப்பா, "டாங்குல தண்ணி கிண்ணி கலந்திருக்குமா?" என்றார்.

"சான்சே இல்ல. நேத்து நானே துணியில வடிகட்டி ஊத்தினேன்."

ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அத்தையின் விரல்கள் நின்றன.

"தண்ணின்னா... தீர்த்தமும் சேத்தியா?" என்றாள்.

சித்தப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"வேளாங்கண்ணித் தீர்த்தம், ரெண்டே புட்டி. சாமியார் வண்டிய மந்திரிக்கறப்ப பேனட்டு மேலதான தெளிச்சாரு? உள்ள இருக்கற எஞ்சினுக்குத்தான மூச்சு வாங்குது? நாந்தான் இவனக் கேட்டேனே, எதுல ஊத்தினா எஞ்சின் பூராவும் போவும்னு. இவந்தான் டாங்குல ஊத்தினா பம்புக்குப் போயி, நாசிலுக்குப் போயி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போவும்னு பாடம் நடத்தினான்."

நடத்தியது உண்மை. டீசலைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, அரை மணி நேரம், கைகால் ஆட்டி நடத்தியிருந்தேன்.

தண்ணீர் கனம், டாங்கின் அடியில்தான் நிற்கும். அடிமூடியைத் திறந்தால் முதலில் அது வந்துவிடும். நான் ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் படுத்ததும் அத்தை அலறினாள். "தீர்த்தத்தத் தரையில உடுவியா? கால்ல மிதிபடுமேடா, பாவி!"

வேறு பாத்திரம் இல்லை. வரிசைத் தட்டில் இருந்த புதுப் பித்தளைக் குடத்தை எடுத்தார்கள். தீர்த்தமும் டீசலும் அதில் இறங்கின. ஒரு பங்கு என் முகத்தில். சித்தப்பா பம்பின் கைப்பிடியை அடித்து அடித்து ஏரை வெளியேற்றி முடிப்பதற்குள் நான் மனசுக்குள் அமலியைப் பாண்டிச்சேரிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்து அழுதும்விட்டேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே கண்ணில் தண்ணீர். டீசல் பட்டு எரிகிறது என்றேன்.

திண்டிவனம் போனபோது சாமியார் கோயில் வாசலில் சைக்கிள் மேல் ஒரு காலைப் போட்டுவிட்டார். ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முதலில் அத்தை இறங்கினாள், குடத்தோடு.

"இன்னாங்க இது?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"வேளாங்கண்ணித் தீர்த்தங்க" என்றாள் அத்தை. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

பக்தியுள்ள மனிதர். கோபத்தை ஒதுக்கிவைத்து, விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு விரலை முகர்ந்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார்.

"மாப்ள மெக்கானிக்கல் லைன்னு சொன்னாங்களே?"

"ஸ்டோர் லைனுங்க" என்றேன். அன்று நான் சொன்ன முதல் உண்மை அது.

ஹெட்மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் கோயில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அமலிதான். "அப்பா, சாமியார் கெளம்பறாருப்பா. பேர ஜல்தியா குடுங்க" என்றாள்.

மறுநாள் முதல் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றதும், கடைசி வரிசையில் சித்தப்பா பலமாக இருமினார். கோயிலே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு ஓலை வாசித்தாலும் அந்த இடத்தில் ஒருவர் இருமுவார், மற்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

போன மாதம் பேத்திக்கு ஓலை. வழக்கம்போல் இருமல் கேட்டது, எங்கள் வீட்டார் இருந்த இரண்டு பெஞ்சும் திரும்பின. அமலி மட்டும் பீடத்தைப் பார்த்தபடியே என் பக்கம் சாய்ந்து, "மாப்ள வூட்டுக் காரு வெளிய நிக்குது. அது பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்றாள்.