ஹாலந்து நாய்

“கார் வேணும்.”

அம்சம் இப்படித்தான் கேட்டாள். ‘ஆண்டே’ இல்லை, ‘தயவு பண்ணுங்க’ இல்லை. இராஜாங்கம் வீட்டுக் கொல்லையில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இரண்டே வார்த்தையில் கேட்டாள்.

“பண்ணை வீட்டுல எதை வேணாலும் கேளு. காரை மட்டும் கேக்காத” என்று அவளுடைய அப்பா வைரக்கண்ணு சொல்லியிருந்தார். அவர் ஒரு தடவை கேட்டவர். அம்சத்தின் அம்மாவைப் பாம்பு கடித்த அன்று. சீட்டு அழுக்காகிவிடும் என்று பதில் வந்தது. அம்மாவை மாட்டுவண்டியில் ஏற்றிப் போனார்கள். பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

இராஜாங்கம் கொல்லைப் படியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்துக்கு முன் ஆட்சி மாறியபோது அவரும் மாறினார். அதாவது, வேட்டியின் கரையை மாற்றினார்.

“யாருக்குக் காரு?”

“ரெண்டு நாளா வாந்தி. ஒண்ணும் சாப்பிடல.”

“யாருக்குன்னு கேட்டேன்.”

“நாய்க்கு.”

“நல்லாருக்கு. அறுப்பு நேரத்துல கூலி பத்தலைன்னு ஒங்க தெருவே வேலைக்கு வரமாட்டேங்குது. ஒங்கப்பன் கொடியப் புடிச்சிக்கிட்டு மதகுல ஒக்காந்திருக்கான். நீ வந்து நாய்க்குக் காரு கேக்குற.”

“எங்க நாய் இல்ல. யோஹன்னாம்மா நாய்.”

பல் குத்துவது நின்றது.

“வெள்ளக்காரம்மா நாயா? அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? லியாகத்து, வண்டிய எடு.”

யோஹன்னா ஹாலந்துக்காரி. பாசனத்தையும் கூலியையும் ஆராய்ச்சி செய்ய வந்து, ஊர்த்தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். அம்சம் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர். அவள் வீட்டிலேயே தங்கல். சாயங்காலத்தில், யோஹன்னா உலாவப் போயிருக்கும் நேரத்தில், டைப் அடிக்கும் வேலையும் உண்டு. அம்சம் பி.ஏ. அவள் தெருவில் முதல் பி.ஏ. ஒரே பி.ஏ.

யோஹன்னாவிடம் அவள் சொல்லியிருந்தது வேறு. சொந்த வீடு தஞ்சாவூர், அப்பா நிலம் வைத்திருக்கிறார் என்று. சனிக்கிழமை சாயங்காலம் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி, யோஹன்னா கையசைத்து முடித்ததும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து அப்பாவின் குடிசைக்கு வந்துவிடுவாள். அந்தக் குடிசைத் தெருவிலும் கூலி விவரம் எடுக்கவேண்டும் என்று யோஹன்னா கேட்டபோது, அங்கே அம்மை போட்டிருக்கிறது என்றாள். மறுபடி கேட்டபோது, மறுபடி அம்மை என்றாள். ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் பொய் பத்திரமாக இருந்தது.

விசா வேலையாக மெட்ராஸ் போன யோஹன்னா நான்கு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். எல்லாம் பிம்மைப் பற்றி. பிம் என்பது நாய். பழுப்பு நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது மடியும். ஏழெட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் குட்டியாக வீட்டில் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று அம்சம் கேட்டுக்கொள்ளவில்லை. ‘உடம்பு சரியில்லையென்றால் நல்ல கால்நடை மருத்துவரிடம் காட்டவும். திருப்தி இல்லையென்றால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கவும்.’ அந்த வட்டாரத்தில் மனிதர்களுக்கே ஒரு கருத்துக்கு மேல் கிடைக்காது. கடைசி வரி: ‘உன்னை நம்பித்தான் விட்டுப்போகிறேன்.’

அம்சத்தை நம்பி யாரும் எதையும் விட்டுப்போனதில்லை. அதனால்தான் அவள் போய்க் காரைக் கேட்டாள்.

கார் வந்தது. பின்சீட்டில் நீலாம்பாள், அதாவது இராஜாங்கத்தின் சம்சாரம், வெள்ளைத் துணி விரித்தாள்.

“நாய் மேல. நீ கீழ ஒக்காந்து புடிச்சிக்க” என்றாள்.

அம்சம் கீழே உட்கார்ந்தாள். பி.ஏ. பட்டம், பொருளாதாரம், இரண்டாம் வகுப்பு, காரின் மிதியடியில் குந்திக்கொண்டு போனது.

ஊர் எல்லை தாண்டியதும் டிரைவர் லியாகத் அலி சொன்னான்: “இனிமே யாரும் பாக்கமாட்டாங்க தங்கச்சி. மேல ஏறி ஒக்காரு.”

“பரவால்லண்ணே. நாய் நீட்டிப் படுத்திருக்கு.”

நாயை எழுப்ப மனமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில், ஏறி உட்கார உடம்பு வரவில்லை.

மதகடியில் காரை மறித்தார்கள். கொடி, நாற்பது ஐம்பது பேர். பண்ணை கார் வெளியூர் ஆட்களை ஏற்றிவரப் போகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வேம்பு ஜன்னலுக்குள் தலையை விட்டாள். அப்பாவின் குடிசைக்குப் பக்கத்துக் குடிசைக்காரி. முதலில் சீட்டைப் பார்த்தாள், அப்புறம் கீழே பார்த்தாள்.

“ஏண்டி அம்சம், பி.ஏ. படிச்சா நாய்க்குக் கீழதான் ஒக்காரணுமா?”

கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர் ஜன்னலண்டை வந்து, மகளைப் பார்க்காமல், நாயைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

“வாயில்லா சீவன். வழிவுடுங்கப்பா” என்றார்.

அம்சம் அவரைப் பார்க்காத மாதிரி முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோஹன்னா அந்தக் காரில் இல்லை. இருந்தும் அப்படிச் செய்தாள்.

கால்நடை மருந்தகத்தில் இருபது மாடும் ஒரு டாக்டரும் இருந்தார்கள். டாக்டர் நோட்டைப் பிரித்தார்.

“என்ன ஜாதி நாய்?”

“தெரியல சார்.”

“நாட்டு நாய்னா அந்தாண்ட கொண்டுபோ. மாடு நிக்கிது பாரு.”

பிம்மின் தலை அவள் கையில் தொங்கியது. அம்சத்துக்கு வேறு வழி தெரியவில்லை.

“ஹாலந்து நாய் சார். கப்பல்ல வந்தது.”

டாக்டர் நாற்காலியைவிட்டு எழுந்தார். கம்பவுண்டர் மேசையைத் துடைத்தார். இரண்டு மாடுகளை வெளியே ஓட்டினார்கள். டாக்டர் பிம்மின் மடிந்த காதைத் தூக்கிப் பார்த்து, “ஆமா, அந்த நாட்டுக் குளிருக்கு இப்படித்தான் மடங்கியிருக்கும்” என்றார்.

“ஊசி போடுங்க சார்.”

“விளையாடுறியா? நாட்டு நாயா இருந்தா கண்ண மூடிக்கிட்டுப் போட்டுடுவேன். இது செத்துப்போச்சுன்னா ரெண்டு கவர்மெண்டுக்கும் பதில் சொல்றது யாரு?”

ஊசியைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சோறு கூடாது. ரொட்டியும் பாலும் மட்டும். மின்விசிறிக்குக் கீழே படுக்கவைக்கவேண்டும்.

ஊரில் மின்விசிறி ஒரே வீட்டில்தான் இருந்தது.

இராஜாங்கம் மகிழ்ந்துபோனார். கூடத்து சோபாவில் பிம்மைக் கிடத்தினார்கள். முதல் நாள் மணியக்காரர் வந்து பார்த்தார், இரண்டாம் நாள் தாசில்தார் வந்தார். “அசல் ஹாலந்து. கப்பல்ல வந்தது. நம்ம ராஜபாளையம் நாய்க்கு இதுகிட்ட ரெண்டு குட்டி எடுக்கலாம்னு இருக்கேன்” என்று இராஜாங்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நில உச்சவரம்பு விசாரணைக்கு வந்த தாசில்தார் நாய்க்கு பிஸ்கட் ஊட்டிவிட்டுக் கிளம்பினார்.

பிம் எதையும் தின்னவில்லை. பாலைக் குடித்தால் வாந்தி. ரொட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அம்சம் கொல்லையில் நின்றாள். கூடத்துக்குள் அவள் வரக்கூடாது. மருந்தைப் படியில் வைத்தால் நீலாம்பாள் எடுத்துப்போவாள்.

“ஏ பொண்ணே, இதுக்கு நாங்க சொல்றது வெளங்கல. நீ அங்கேருந்தே இங்கிலீசுல சொல்லு, சாப்புடச் சொல்லு.”

அம்சம் கொல்லையில் நின்றபடி, இரண்டு அறைகளைத் தாண்டி, ஒரு நாயிடம் இங்கிலீஷில் கெஞ்சினாள். மாட்டுக்கொட்டகையைத் தாண்டிப் போனவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் தந்தி வந்தது. யோஹன்னா மறுநாள் வருகிறாள். கூடத்துப் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பிம்மின் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. காற்று மட்டும் ஜோராக வந்துகொண்டிருந்தது.

அம்சம் வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. நேரே கூடத்துக்குள் நடந்தாள்.

“ஏய், எங்க வர்ற?” என்றாள் நீலாம்பாள்.

“நாயக் கொண்டுபோக வந்தேன்.”

“டாக்டரு சீட்டு குடுத்திருக்காரு” என்றார் இராஜாங்கம். “அசல் ஹாலந்து நாய வெயில்ல கொண்டுபோயிக் கொல்லப் போறியா?”

“ஹாலந்து நாய் இல்ல சார். நான்தான் பொய் சொன்னேன். இந்த ஊரு நாயாத்தான் இருக்கும்.”

இராஜாங்கம் எழுந்தார். மூன்று நாளாக அந்த நாய் படுத்திருந்த சோபாவைப் பார்த்தார். முந்தாநாள் அதன் மூக்கை முத்தமிட்ட தன் வாயைத் துடைத்தார்.

“எந்தத் தெரு நாயி?”

“தெரியாது சார். விசாரிச்சிச் சொல்றேன்.”

நீலாம்பாள் உள்ளே பார்த்து, கூடம் கழுவ சாணித் தண்ணீர் கேட்டாள். நாய்க்கா தனக்கா என்று அம்சம் கேட்கவில்லை. பிம்மைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வாசல் வழியாகவே வெளியே நடந்தாள்.

வாய்க்கால் கரையில் திரும்பும்போதே முடிவு பண்ணிவிட்டாள். நாய் பிழைத்தாலும் செத்தாலும் அப்பாவின் குடிசையில்தான். நாளைக்கு யோஹன்னா பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே அங்கே கூட்டிவந்து, இதுதான் என் வீடு, இவர்தான் என் அப்பா, இந்தத் தெருவில் அம்மையே போடவில்லை என்று சொல்லிவிடுவது. அப்புறம் வேலைக்கு வை, வைக்காதே.

எதிரே வேம்பு வந்தாள், மதகில் இருப்பவர்களுக்குத் தூக்குச்சட்டியில் பழைய சோறும் சுட்ட கருவாடும் எடுத்துக்கொண்டு. பிம் தலையைத் தூக்கியது. அம்சத்தின் தோளிலிருந்து நழுவி இறங்கி, தள்ளாடிப் போய், மூடியைத் தட்டிவிட்டு, மூக்கைச் சட்டிக்குள் விட்டது. சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. வேம்பு விரட்டவில்லை. சட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அம்சத்துக்கு அழுகை வந்தது. “நாளைக்கு அந்தம்மாவ நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறேன் அக்கா. எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்.”

“என்னத்த சொல்லப் போற?” வேம்பு நாயின் முதுகைத் தடவினாள். “இது எங்க கொட்டாயில பொறந்த குட்டி. ஒங்கப்பாதான் தூக்கி அந்தம்மாட்ட குடுத்தாரு. நீ டைப்பு அடிக்கிற சாயங்காலமெல்லாம் அந்தம்மா ஒங்க வீட்டுலதான் கஞ்சி குடிச்சிக்கிட்டு, செவுத்துல மாட்டியிருக்கிற, நீ பட்டம் வாங்குன கறுப்பு அங்கி போட்டோவப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும். நீ வெக்கப்படுவேன்னுதான் அந்தம்மாவும் ஒங்கப்பாவும் ஒங்கிட்ட மூச்சு விடல.”