ஆறு விளக்கு, ஒரு மோட்டார்

எருமப்பட்டி
12-4-1941

வாழப்பாடியில் வசிக்கும் என் மரியாதைக்குரிய மச்சான் பாலசுந்தரம் அவர்களுக்கு, எருமப்பட்டி மணியக்காரன் சென்னியப்பன் பணிவுடன் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை சௌந்திரமும் எருதுகளும் சௌக்கியம். மின்சாரம் மட்டும் சௌக்கியமில்லை. அவ்விடத்துச் சௌக்கியத்தை நினைத்துப் பயந்துதான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன், மேட்டூர் மின்சாரம் எங்கள் பக்கம் வரப்போகிறதென்று ஓர் அதிகாரி நோட்டுப் புத்தகத்துடன் வந்து, ஊருக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று என்னைக் கேட்டார். சர்க்கார் ஆள் எதை எண்ணினாலும் பின்னாலேயே வரி வரும் என்பது என் அனுபவமாகையால், "ஆறு விளக்கு, ஒரு மோட்டாருங்க" என்றேன். "பத்து வருஷம் கழித்து?" என்றார். "அப்பவும் அதேதானுங்க. வெளிச்சத்தை என்ன மாவாட்டியா திங்கப் போறோம்?" என்று சொல்லி, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிச் சிரித்தேன்; அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். கதவருகில் நின்ற உங்கள் தங்கை, "ஏனுங்க, ஊர்ல நாப்பது கெணறு இருக்குதுங்களே! ஒருத்தர் மோட்டார் போட்டா மத்தவங்க சும்மா இருப்பாங்களா?" என்றாள். "உனக்கென்ன தெரியும், உள்ள போ" என்று அதட்டிவிட்டுத் தாளில் கையெழுத்தும் போட்டேன். அந்தக் கணக்குக்குத் தகுந்தபடி சின்னஞ்சிறு டிரான்ஸ்பார்மர் வந்தது. முதல் வருஷம் என் மோட்டார் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்கச் சனம் திரண்டது. பார்த்ததோடு நிற்காமல் ஆளுக்கொன்று வாங்கி, இப்போது பதினான்கு ஆகிவிட்டது. நாலு ஓடினால் ஐந்தாவது முனகுகிறது. ஆறாவதைப் போட்டால் ஃபியூஸ் போய் எல்லாமே நிற்கிறது. ஆகவே முறை வைத்தோம். அதில் ஊர்க்கோடியில் காடு வைத்திருக்கும் சாலம்மாளுக்கு நாலு நாளைக்கு ஒருமுறைதான் வந்தது.

புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களை வளர்க்கிறவள். அவள் மிளகாய்க் காடு பாதி காய்ந்துபோயிற்று. சண்டைக்கு வந்திருந்தால் நானும் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். வாசலில் நின்று மெதுவாக, "சாமி, அன்னைக்கு நீங்க சொன்ன கணக்குல நாங்க இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாள். என் முறையை அவளுக்கே விட்டேன்; மீதி மிளகாய் பிழைத்தது. நான் எருது பூட்டிக் கவலை இறைக்கிறேன். தண்ணீர் இறைக்கும் கவலையைச் சொல்கிறேன், மச்சான்; மற்றக் கவலைக்கு எருது தேவைப்படவில்லை.

நாமக்கல்லுக்குப் போய்ப் பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டேன். அதே அதிகாரி என் கையெழுத்துள்ள தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். சீமையில் நடக்கிற சண்டை முடியும்வரை சாமான் வராது என்றார்.

அவர் அடுத்த மாதம் உங்கள் பக்கம் கணக்கெடுக்க வருகிறாராம். நீங்கள் தனியாகப் பதில் சொல்லிவிடாதீர்கள். ஊரைக் கூட்டி, பெண்களையும் உட்கார வைத்து, இன்றைக்கு என்ன வேண்டும், பிள்ளைகள் தலையெடுக்கும்போது என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் காடும் கிணறும் குறைவின்றி இருக்க விரும்பும்,

சென்னியப்பன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதிகாரி போன வாரமே வந்து போய்விட்டாராம். மூன்று வருஷத்துக்கு முன் நான் பெருமையடித்து எழுதிய புத்திமதியைப் பத்திரமாக வைத்திருந்து, அதன்படியே குறைத்துச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டீர்களாம். எனக்கு நன்றி வேறு எழுதியிருக்கிறீர்கள். அதை உரக்கப் படித்தது உங்கள் தங்கைதான். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு நான் சொல்லாமலே உள்ளே போய்விட்டாள், மச்சான்.