கேக் மாஸ்டரும் வீட்டுப்பாடமும்

"கையை விடு!"

"விட மாட்டேன். நீங்கதான் விடுவிச்சுக்கணும்."

"அடியே, நான் உன்னைப் பிடிக்கணும், நீ தப்பிக்கணும்னுதானே சொன்னே? இப்ப நீ என்னைப் பிடிச்சிருக்கே!"

"அது போன வாரப் பாடம்ங்க. இது இந்த வாரம்."

"ஐயோ, அம்மா!"

மாடி வீட்டு அக்கா துணி காயப் போடுறதை நிறுத்திட்டு, காதைத் தீட்டிக்கிட்டு நின்னாங்க. கீழ் வீட்டுல இப்பெல்லாம் தினமும் இதே கச்சேரிதான்.

கத்தினது நம்ம கேக் மாஸ்டர். பேக்கரியில கேக் மேல கிரீம்ல பூ போடுறதும் பேர் எழுதுறதும் அவர் வேலை. அந்த வட்டாரத்துல யாருக்குப் பிறந்தநாள்னாலும், கேக் மேல இருக்கிறது அவர் கையெழுத்துதான். சொந்த வீட்டம்மா பிறந்தநாள் மட்டும் வந்ததும் தெரியல, போனதும் தெரியல. வேலை அப்படி.

கையைப் பிடிச்சது அந்த வீட்டம்மாதான். துணிக்கடையில வேலை. கடை மூடி வர்ற வழி இருட்டு. "தற்காப்பு வகுப்புல சேரட்டுமாங்க?"ன்னு கேட்டப்ப மாஸ்டர் விழுந்து விழுந்து சிரிச்சார்.

"நீயா? நீ கத்தினா கொசுகூடப் பறக்காதே! சரி, போயிட்டு வா. உடம்பாவது கொஞ்சம் இளைக்கும்."

அவர் கடைசியா சிரிச்சது அன்னிக்குத்தான்.

வாரத்துல ரெண்டு நாள் வகுப்பு. போயிட்டு வந்தா வீட்டம்மா முகத்துல ஒரே சந்தோஷம். ஒரு சொட்டு வேர்வை இருக்காது. துணியில லேசா பாப்கார்ன் வாசனை வேற. நல்ல இடம் போலிருக்கு, நடுவுல தீனியெல்லாம் தர்றாங்கன்னு மாஸ்டர் நினைச்சுக்கிட்டார்.

வகுப்பு இருந்தாலும் இல்லாட்டியும், வீட்டுக்கு வந்ததும் கூப்பிடுவாங்க. "வாங்க, வீட்டுப்பாடம் பண்ணணும். எனக்கு ஒரு எதிரி வேணும்."

ஒரு நாள் மணிக்கட்டை முறுக்குற பாடம். இன்னொரு நாள் முழங்கையால விலாவுல ஒரு இடி. அன்னிக்குக் காலையிலதான் மாஸ்டர், "இது டீயா, டம்ளர் கழுவுன தண்ணியா?"ன்னு கேட்டிருந்தார். அவர் தங்கச்சி போன் பண்ணி அண்ணி சமையலைக் கிண்டலடிச்சு, இவரும் "ஆமா, ஆமா"ன்னு ஒத்து ஊதின அன்னிக்கு, கால் தடுக்கி விடுற பாடம். அந்தக் கோச் எப்படித்தான் புதுசு புதுசா யோசிக்கிறாங்களோ!

இப்ப விஷயம் என்னன்னா, சனிக்கிழமை ராத்திரி ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு நாலடுக்கு கேக். "இது மட்டும் நல்லா வந்துட்டா, புதுக் கிளைக்கு நீங்கதான் தலைமை மாஸ்டர்"னு முதலாளி சொல்லிட்டார். எத்தனை வருஷக் கனவு! ஆனா கையோ, டம்ளரைப் பிடிச்சாலே தாளம் போடுது. இந்தக் கையை வச்சுக்கிட்டு ரோஜா இதழ் போடுறது எப்படி?

மாஸ்டர் மணிக்கட்டுல பேண்டேஜ் சுத்திக்கிட்டு வந்து நின்னார்.

"எந்தக் கையில அடின்னு எதிராளிக்குக் காட்டலாமாங்க?"ன்னு வீட்டம்மா அதே கையைத்தான் பிடிச்சாங்க.

மறுநாள் சட்டைக்குள்ள தலகாணியைச் சொருகிக்கிட்டார்.

"அட, நல்ல யோசனை! இனிமே பாவம் பார்க்காம முழு பலத்தோட பண்ணலாம்."

கடைசியா கால்ல விழாத குறைதான். "உனக்குத்தான் எல்லாம் வந்துடுச்சேம்மா. நீ சிங்கம். போதும், நிறுத்திடலாம்."

"எங்கங்க? இனிமேதான் ரெண்டாம் கட்டம். எப்ப வரும், எங்கிருந்து வரும்னு எதிரிக்கே தெரியக் கூடாதாம்."

அவ்வளவுதான். மாஸ்டருக்குத் தூக்கம் போச்சு. பல் தேய்க்கும்போதுகூட முதுகைச் சுவத்துல ஒட்டிக்கிட்டுத்தான் நின்னார். வாங்கி வாங்கி, அவருக்கே தெரியாம, அவர் உடம்பு எல்லாப் பாடத்தையும் படிச்சு முடிச்சிருந்துச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம். நாலு அடுக்கும் ஏத்தியாச்சு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உச்சியில கடைசி ரோஜாவை வச்சார் மாஸ்டர். அழகுன்னா அப்படியொரு அழகு! பார்த்துக்கிட்டே பின்னாடி வந்த முதலாளி, ஆசையா அவர் தோள்ல ஒரு தட்டு தட்டினார்.

"சபாஷ், மாஸ்..."

குனிஞ்சார், திரும்பினார், மணிக்கட்டைப் பிடிச்சார், காலைத் தடுக்கினார். எல்லாம் கண் சிமிட்டுற நேரத்துல. முதலாளி நாலடுக்குலயும் முகம் புதைச்சுக் கிடந்தார்.

கவுன்டர்ல நின்ன பொண்ணு எட்டிப் பார்த்துச்சு. "அண்ணே, கேக் மேல பேரைத்தானே எழுதச் சொன்னாங்க? நீங்க ஆளையே வச்சுட்டீங்களே!"

மூக்கு மேல ரோஜாவோட முதலாளி எழுந்தார். "நாளைக்குச் சாயங்காலம் இதே கேக் இதே இடத்துல நிக்கணும். இல்லைன்னா தலையில இருக்கிற அந்த மாஸ்டர் தொப்பியைக் கழட்டி வச்சுட்டுப் போயிடுங்க!"

மாஸ்டர் நேரா வகுப்புக்கு ஓடினார். பெரிய ஹால். பொம்பளைங்க எல்லாரும் "ஓய்!"னு கூரை பிய்யக் கத்திக்கிட்டு வாசலைப் பார்த்து ஓடுறாங்க. நடுவுல விசிலோட, குள்ளமா ஒரு கோச் மேடம்.

"நின்னு சண்டை போடாதீங்க! கத்துங்க, ஓடுங்க! பத்திரமா வீடு போய்ச் சேர்றவதான் கெட்டிக்காரி!"

மாஸ்டர் பேண்டேஜ் கையைத் தூக்கிக் காட்டினார். "மேடம், உங்களால என் கை போச்சு, கேக் போச்சு, வேலையும் போகப் போகுது! இன்னிக்கு ஒரு நாளாவது என் சம்சாரத்துக்கு வீட்டுப்பாடம் கொடுக்காதீங்க!"

"வீட்டுப்பாடமா? யாருக்கு சார்?"

போன்ல இருந்த போட்டோவைக் காட்டினார். கோச் உத்துப் பார்த்துட்டு, வாய் விட்டுச் சிரிச்சாங்க.

"இவங்களா! முதல் நாள் வந்தாங்க. 'கத்தணும், ஓடணும், இவ்வளவுதானா மேடம்? எங்க வீட்டுல இந்த ரெண்டையும் அவர் பண்ணிக்கட்டும்'னு சொல்லிட்டுப் போனவங்க, அப்புறம் இந்தப் பக்கமே வரலையே சார்!"

பாப்கார்ன் வாசனை எந்தத் தியேட்டர்ல இருந்து வந்துச்சு, எந்தக் கிண்டலுக்கு எந்த அடி விழுந்துச்சுன்னு மாஸ்டருக்கு அப்பத்தான் புரிஞ்சுது. இப்ப ஒரு சின்ன கேக்கோட சொந்த வீட்டு வாசல்ல நிக்கிறார். வீட்டம்மா பேரை எழுதிட்டார், கொஞ்சம் கோணல்தான். அதுக்குக் கீழ ஒரே ஒரு வரிக்கு இடம் இருக்கு. இன்னிக்குக் கை தப்பிச்சாத்தான் நாளைக்கு நாலடுக்கு. அந்த வரியில என்ன எழுதலாம்? கல்யாணம் ஆன அனுபவசாலிங்க யாராவது உடனே கீழ பதில் போடுங்களேன். சீக்கிரம்ங்க, உள்ள தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேக்குது!