கொசுறு டப்பா

கிரேன் பட்டைகளில் தொங்கிக்கொண்டிருந்த படகின் பின்பக்கத்தை அண்ணாந்து பார்த்த பிரேபன், வாயிலிருந்த சுருட்டை எடுத்தார்.

"இது விசிறியா, காலிஃபிளவரா?"

படகுக்காரர் வில்லாட்ஸும் அண்ணாந்து பார்த்தார். தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளவேண்டிய வெண்கல விசிறி முழுக்கக் கொட்டலசு மொய்த்திருந்தது. கல்லைப் போல ஒட்டிக்கொண்டு, நடுவில் வாய் மட்டும் திறந்து மூடும் வெள்ளைச் சனியன்கள். விசித்திரம் என்னவென்றால், படகின் அடிப்பாகத்தில் மற்ற இடமெல்லாம் சவரம் செய்த கன்னம்போல் வழவழவென்று இருந்தது.

"பெயிண்ட் அடிச்சு மூணு வாரம்கூட ஆகலை" என்றார் வில்லாட்ஸ்.

"எந்தப் பெயிண்ட்டு?"

"ரிக்மோர் அம்மா குடுத்தது."

"குடுத்ததா, நீ கேட்டு வாங்கினதா?"

பிரேபன் துறைமுகத்து அதிகாரி. ஊரில் யார் எதை யாரிடம் எப்படி வாங்கினார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

வில்லாட்ஸ் சீஸ் கடைக்காரர். வருகிறவர்களுக்கெல்லாம் கொசுறு நறுக்கிக் கொடுத்து நொந்துபோனவர், தான் வாங்கப் போகிற இடத்தில் அதை வட்டியோடு வசூலித்துவிடுவார். ஏப்ரலில் கேப்டன் தோர்கில்லின் விதவை ரிக்மோரிடம் இந்தப் படகைப் பேரம் பேசி, கைகுலுக்கியும் ஆன பிறகு, கொட்டகை மூலையில் ஒரு டப்பாவைப் பார்த்தார். இப்போது கடைகளில் விற்கவே விடாத பழைய காலத்துச் செம்புப் பெயிண்ட். பாசி, சிப்பி எதுவும் கிட்டே வராது என்று பெயர் வாங்கியது.

"அதையும் கொசுறாப் போட்டுடுங்கம்மா."

ரிக்மோர் டப்பாவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எடுத்துக்கோங்க. ஆனா விசிறிக்கு மட்டும்தான் அடிக்கணும். ஒரு சொட்டு வீணாகக் கூடாது. நல்லாக் கலக்கிக்கோங்க" என்றாள்.

பெயிண்ட் மணல் மணலாக இருந்தது. வில்லாட்ஸ் கடையில் சீஸ் கிளறுகிற மரக்கரண்டியால் கலக்கி அடித்தார். கரண்டியைக் கழுவி மறுபடி கடைக்கே கொண்டுபோனார். அவர் எதையும் வீணாக்குகிறவர் இல்லை.

"சுரண்டிட்டு இன்னொரு பூச்சுப் போடுறேன்" என்றார் இப்போது.

"போடு. ஆனா ஜூன்ல சங்க்ட் ஹான்ஸ் பண்டிகை அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள படகு தன் எஞ்சின்ல வெளியே போயி, பச்சை மிதவையைச் சுத்திட்டு வரணும். இல்லைன்னா நீ படகு கட்டுற இடம் அடுத்த ஆளுக்கு. விதி விதிதான்."

"கேப்டன் ஒரு தடவைகூட இந்தப் படகை வெளியே எடுக்கலையே?"

"அவர்கிட்ட விதி பேச எவனுக்குய்யா தைரியம் இருந்துச்சு?"

அது உண்மை. ஏழு கடலும் சுற்றி ஓய்வு பெற்ற கேப்டன், ஒரு படகு வாங்கி, அதற்கு மனைவியின் பெயரையே எழுதி, துறைமுகத்திலேயே கட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தார். "சுத்தினது போதும். இனி ரிக்மோரை விட்டு நகர மாட்டேன்" என்பார். போன குளிர்காலத்தில் காலமானார்.

துறைமுகத்தில் இடம் கிடைப்பதென்பது கல்யாணத்தைவிடக் கஷ்டம். வரிசையில் அடுத்து நின்றவர் ஏகோன், சவப்பெட்டிக் கடைக்காரர்; ஊரில் புதைப்பதும் எரிப்பதும் அவர் பொறுப்பு. தினமும் காலையில் அளவுநாடாவோடு வந்து வில்லாட்ஸின் இடத்தை அளந்துவிட்டுப் போவார்.

"அவசரமில்லை" என்பார் சாந்தமாக. "எனக்குக் காத்திருந்து பழக்கம். கடைசில எல்லாம் என்கிட்டதானே வரும்."

இரண்டாவது பூச்சு காய்ந்ததும், அதன்மேல் ஆட்டு ரோமக் கொழுப்பைச் சூடாக்கித் தடவினார் வில்லாட்ஸ். வழுக்கும் இடத்தில் எதுவும் ஒட்டாது என்று பிரேபன் சொன்ன யோசனை.

பத்து நாளில் படகு மறுபடி கிரேனில் ஏறியது. கொட்டலசு முன்னைவிட அடர்த்தி. கொழுப்பு பாதிக்குமேல் வழித்து எடுக்கப்பட்டிருந்தது. மிச்சமிருந்ததில் நான்கு விரல் தடம்.

பிரேபன் தன் கையை எடுத்து அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தார். அவர் கை சின்னது இல்லை. தடம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"சீல், அதான் கடல்நாய், எதாவது உரசியிருக்கும்" என்றார், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு.

"சீலுக்கு விரல் இருக்கா?"

"நீ சீஸ் விக்கிறவன். உனக்குச் சீலைப் பத்தி என்ன தெரியும்?"

மூன்றாவது பூச்சில் வில்லாட்ஸ் ஒரு பொட்டலம் மிளகாய்த்தூள் கலந்தார். காரம் பட்டால் எந்தப் பூச்சியும் ஓடும் என்று அவர் மனசுக்குத் தோன்றியது. படகைத் தண்ணீரில் இறக்கிய மறுநாள் காலை, மேல்தட்டில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியும் ஊறுகாய் மத்தி மீனும் தின்றுகொண்டிருந்தார். துறைமுகம் முழுக்கப் பனிமூட்டம். தன் கை மட்டும்தான் தெரிந்தது.

காலுக்கடியில் யாரோ தும்மினார்கள்.

"நூறு வயசு" என்றார் வில்லாட்ஸ், பழக்கதோஷத்தில்.

அடியிலிருந்து மரத்தில் இரண்டு தட்டு கேட்டது. நன்றி சொல்வதுபோல.

அவர் மத்தியைக் கையில் வைத்தபடியே கரைக்குத் தாவினார். நடந்ததை ரிக்மோரிடம் சொன்னபோது அவள் சிரித்தாளா, கண்ணைத் துடைத்தாளா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"தோர்கில்லுக்கு மிளகாய் ஆகாது" என்றாள்.

"அம்மா, நான் விசிறியைப் பத்திப் பேசுறேன்."

"நானும்தான். டப்பாவுல இன்னும் இருக்கா?"

"அடியில கொஞ்சம்."

"அதையும் அடிச்சிடுங்க. பாதியில விட்டுடாதீங்க."

பண்டிகைக்கு முந்தின வாரம் டப்பாவை வழித்துக் கடைசிப் பூச்சையும் போட்டு, விசிறிக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பையை மாட்டி இறுக்கிக் கட்டி இறக்கினார். வெளிச்சம் படாவிட்டால் எதுவும் வளராது. மறுநாள் வந்து பார்த்தால், பை ஈரம் சொட்டப் படகின் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. நாலாக மடித்து, கப்பல்காரன் போடும் முடிச்சோடு.

ஏகோன் நாடாவைச் சுருட்டியபடி அதைப் பார்த்தார். "சுத்தமான வேலை" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

சங்க்ட் ஹான்ஸ் மாலை வந்தது. கடற்கரையில் விறகு அடுக்கி, பண்டிகை வழக்கப்படி கொளுத்துவதற்காக உச்சியில் வைக்கோல் சூனியக்காரி பொம்மையை உட்கார வைத்திருந்தார்கள். ஊரே பியர் புட்டியோடு நின்றது. பிரேபன் கரைச்சுவரில், கையில் கடிகாரம். ஏகோன் பக்கத்தில், கையில் நாடா.

வில்லாட்ஸ் எஞ்சினை முடுக்கி, நெம்புகோலை முன்னால் தள்ளினார். படகு பின்னால் போய் மெதுவாகத் தன் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

பின்னால் இழுத்தார். படகு அசையவில்லை. அடியில் இரண்டு தட்டு.

"என்னய்யா, போறியா இல்லையா?" என்று பிரேபன் கத்தினார்.

"நான் போறேன். இதுதான் வர மாட்டேங்குது."

கூட்டம் சிரித்தது. வில்லாட்ஸுக்குக் கண் கலங்கியது. இந்த இடத்துக்காக அவர் வாலிபத்தில் பெயர் கொடுத்தார். இடம் கிடைத்தபோது தலையில் முடி இல்லை.

அப்போது ரிக்மோர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை உடையும் தொப்பியுமாக, யார் கையையும் பிடிக்காமல் படகில் ஏறினாள். குதிகாலால் பலகையில் ஓங்கி ஒரு மிதி.

"போதும், தோர்கில். சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்காதே. நானும்தான் வர்றேன். மிதவை வரைக்கும்."

வில்லாட்ஸ் நெம்புகோலைத் தொட்டாரா என்பது அவருக்கே நினைவில்லை. படகு கிளம்பியது.

கரைச்சுவரைத் தாண்டியது. பச்சை மிதவைக்கு அருகே வந்ததும் அடியில் கடகடவென்று ஒரு சத்தம். கொட்டலசு எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. படகுக்குப் பின்னால் தண்ணீரில் வெள்ளையாக ஒரு மேகம் விரிந்து, அப்படியே நின்று, பிறகு ஆழத்தில் இறங்கியது. ரிக்மோர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது படகு வெண்ணெயில் கத்தி போனதுபோல் வந்தது. பிரேபன் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். "இடம் உன்னுதுதான்யா."

கடற்கரையில் சூனியக்காரி எரியத் தொடங்கினாள். வில்லாட்ஸ் கயிற்றைக் கட்டிவிட்டு, வெற்றிக் களிப்போடு ஏகோனிடம் போனார்.

"மன்னிக்கணும் ஏகோன். இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கணும் போல."

"அதனால என்ன" என்றார் ஏகோன், நாடாவைச் சட்டைப்பையில் வைத்தபடி. "அந்தப் பெயிண்ட்டு முழுக்க அடிச்சாச்சா? டப்பாவுல மிச்சம் ஒண்ணும் இல்லையே?"

"ஒரு சொட்டு இல்லை. கொசுறாக் கிடைச்சதை வீணாக்குவேனா? கரண்டியில ஒட்டினதைக்கூட வழிச்சு அடிச்சேன். ஏன் கேக்கிறே?"

ஏகோன் தொழில் மரியாதையோடு தொப்பியை எடுத்தார்.

"ஒண்ணுமில்லை. கேப்டனோட சாம்பலைக் குடுத்தப்போ, இது பெயிண்ட்டுல கரையுமான்னு ரிக்மோர் கேட்டாங்க. கரையாதும்மா, நல்லாக் கலக்கிக்கணும்னு சொன்னேன்."