இறவாதோர் பிரிவில் ஒரு காலியிடம்

உலகிலுள்ள கல்லறை ஆவிகள் அனைத்துக்கும் பூர்வீகம் வகுத்துத் தரும் மாபெரும் பொறுப்பை, திருப்பதியில் செருப்புக்கடை ஒன்றின் மாடியில் இயங்கும் மாயக்கதை நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்தது. செல்போனில் தினம் ஓர் அத்தியாயம் வெளியிடும் அந்த நிறுவனத்தின் 'இறவாதோர் பிரிவு'க்குத் தலைவர் சிரஞ்சீவி. பெயர்ப் பொருத்தம் பார்த்துத்தான் பதவி தந்திருக்க வேண்டும்.

அந்தப் பிரிவின் தமிழ் எழுத்தாளனாக லோகேஸ்வரன் ஆரணியிலிருந்து வந்து சேர்ந்து மூன்று மாதம். வேலை நிரந்தரமானால்தான் நிச்சயதார்த்தம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஆவிகளின் எதிர்காலத்தில் அவனுக்கு அக்கறை அதிகம்.

வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தத் திங்கள்கிழமைக் கூட்டத்தில் அவன் எழுந்து நின்று விளக்கினான்.

"ராஜாவைப் புதையலோட பொதைச்சாங்க சார். காவலுக்கு ஒரு சேவகனையும் உள்ள வெச்சு மூடிட்டாங்க. அவன் செத்துட்டான். ஆனா காவல் காத்துக்கினே இருக்கான்."

"ஏன்?" என்றார் சிரஞ்சீவி.

"வேலை முடிஞ்சுதுன்னு யாரும் அவனுக்குச் சொல்லல சார்."

"செத்தவனுக்கு லீவு உண்டா?"

"கிடையாது சார்."

"வெரி குட்."

சிரஞ்சீவி கண்களை மூடி ஆழ்ந்து யோசித்தார். முக்கியமான தீர்ப்புகளை அவர் தெலுங்கில்தான் வழங்குவார். எவர் முகத்தையும் பாராமல் வழங்கினார்: "ரைட்டர் இக அவசரம் லேது."

'லேது' என்றால் 'இல்லை' என்று லோகேஸ்வரனுக்குத் தெரியும். 'அவசரம்' தமிழிலேயே தெரியும். 'இக' மட்டும் பிடிபடவில்லை. ஆவிகள் விஷயமாயிற்றே, இகலோகத்தைச் சொல்கிறார் போலும். எழுத்தாளனே, அவசரமில்லை, நிதானமாக எழுது! இப்படியும் ஒரு தங்கமான மனிதரா என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நிதானமாக எழுதினான். மறுநாளே வாசலிலிருந்த விரல்ரேகைக் கருவி அவனை அடையாளம் காண மறுத்தது. எழுதி எழுதி ரேகை தேய்ந்துவிட்டது என்று பெருமைப்பட்டு, அடுத்தவர் பின்னாலேயே உள்ளே நுழைந்தான். இரண்டு நாளில் நாற்காலி மறைந்தது. ஜன்னல் திட்டில் உட்கார்ந்தான். அப்போதும் யாரும் அவனிடம் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. அத்தனை நாகரிகமான அலுவலகம். எழுதியதை மட்டும் மாலையில் தவறாமல் வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் தரணிக்குப் பொறுக்கவில்லை. வாசகர் கருத்துகளுக்குப் பதில் எழுதும், தமிழும் தெலுங்கும் அறிந்த விஜயபுரத்துப் பெண் அவள்.

"அண்ணா, இன்னும் எதுக்கு வந்துக்கினு இருக்கீங்க?"

"சார்தான் அவசரம் இல்லன்னாரே."

"ஐயோ, அது தமிழ் அவசரம் இல்லண்ணா! தெலுங்குல அவசரம்னா தேவை. நீங்க இனிமே தேவையில்லன்னுதான் சொன்னாரு. கதை எழுத மெஷின் வந்துடுச்சு. நீங்க எழுதுறதெல்லாம் அதும் பேர்லதான் போய்க்கினு இருக்குது."

லோகேஸ்வரன் ஜன்னல் திட்டிலிருந்து இறங்கினான். நேராகச் சிரஞ்சீவியின் அறைக்குள் போனான்.

"சார், என்னை வேலையை விட்டு நிறுத்திட்டீங்களா?"

"சேச்சே, யாரு சொன்னது? நம்ம கம்பெனியில யாரையும் நிறுத்தறதே இல்ல. சிஸ்டத்துல உன் பேரு இல்ல, அவ்வளவுதான்."

"அப்ப நாளைக்கு வரலாமா சார்?"

"தாராளமா வா. சேவகன் கதை இன்னும் முடியலியே."

லோகேஸ்வரனுக்கு அழுகை வந்தது. அதை அங்கே காட்டாமல் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி பஸ் ஏறினான். பெண் வீட்டாருக்கு என்ன சொல்வதென்று சித்தூர் தாண்டியும் தோன்றவில்லை.

அன்று மாலை, அவன் கடைசியாக எழுதிய அத்தியாயம் வெளியானது. செங்கல்பட்டு வாசகி ஒருவர் உருகியிருந்தார்: 'சேவகன் இருட்டில் தன் பெயரையே மறந்துபோகும் இடத்தில் அழுதுவிட்டேன். ஓர் இயந்திரத்துக்கு இவ்வளவு உயிர் எங்கிருந்து வந்தது?'

எந்தப் பாராட்டுக்கும் 'நன்றி' என்ற ஒற்றைச் சொல்லையே பதிலாகத் தர வேண்டும் என்பது நிறுவனத்தின் கண்ணியமான விதி. தரணி முதல்முறையாக அதை மீறினாள்.

'எங்கள் ஆபீசில் ஒருத்தரிடமிருந்து எடுத்தோம்.'